விளம்பரமும் விகிதமும்

பத்தாம் வகுப்பு மாணவி

திருவிழாக் கடைத்தெரு வழியே நடந்து செல்லும்போது நம் காதில் எத்தனை குரல்கள் விழுகின்றன! "வாங்கம்மா, வாங்க! கண்ணாடி வளையல், ரப்பர் வளையல்!" என்று ஒருவர் அழைக்கிறார். "எதை எடுத்தாலும் இருபது ரூபாய்!" என்று மற்றொருவர் கூவுகிறார். நூறு பேர் அவ்வழியே நடந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பர்; நான்கு பேர் கடையருகே செல்வர்; ஒருவர் வாங்குவார். சில நாள் அந்த ஒருவரும் வாங்காமல் போவார். கூவியவரின் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இக்காட்சியை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இணையத்தில் நாள்தோறும் நடைபெறும் ஒரு பெரும் வணிகத்தின் கணக்கை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கைப்பேசியில் ஒரு சொல்லை இட்டுத் தேடுகிறோம். விடைகள் வரிசையாகத் தோன்றுகின்றன. அவ்வரிசையின் தலைப்பில் நிற்கும் சில விடைகளின்மேல் 'ஸ்பான்சர்டு' என்ற சிறு சொல் காணப்படும். அவை தாமாக அங்கு வந்தவை அல்ல; பணம் கொடுத்து இடம்பெற்ற விளம்பரங்கள். நூறு பேர் பார்க்கும்படி அவ்விளம்பரம் காட்டப்பட்டால், அதைத் தொட்டு உள்ளே செல்பவர் எத்தனை பேர்? இதற்குரிய விடையே 'கிளிக் த்ரூ ரேட்' எனப்படுவது. சுருக்கமாக சி.டி.ஆர். என்பர். நாம் இதனைச் சொடுக்கு விகிதம் என்று அழைப்போம். விரலால் தொட்டாலும், கணிப்பொறியில் சொடுக்கினாலும் கணக்கு ஒன்றே.

பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண்களுக்கு இதில் என்ன வேலை என்று தோழியர் கேட்கலாம். எங்களுக்கும் இவ்விகிதத்துக்கும் அறிமுகம் ஏற்பட்டது ஒரு தாயின் கவலையினால்.

ஆடி மாதமும் ஆறு சதவீதமும்

எங்கள் கணித மன்றத்தில் நாங்கள் நால்வர் ஓர் அணி. எங்களுள் ஒருத்தியின் அம்மா பாளையங்கோட்டையில் தம் வீட்டு முன்னறையிலேயே தையற்கடை நடத்துகிறார். ஆரி வேலை செய்த ரவிக்கை தைப்பதில் கைதேர்ந்தவர். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மேல், கொக்கி போன்ற முனையுள்ள ஊசியால் மணியும் ஜரிகையும் அவர் கோத்துச் செல்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு ரவிக்கைக்கு ரூ. 1,800 வாங்குவார். மணி, நூல், உதவிக்கு வரும் அக்காவின் கூலி எல்லாம் போக ரூ. 800 கையில் நிற்கும். கல்யாண மாதங்களில் வேலை குவியும். ஆடி பிறந்தாலோ சட்டம் சுவரில் சாய்ந்தே கிடக்கும்.

சென்ற ஆண்டு ஆடியில், உறவுக்கார அண்ணன் ஒருவர், "தேடுபொறியில் விளம்பரம் வைப்போம் அத்தை" என்று யோசனை கூறினார். மகளின் இரண்டாம் பருவக் கட்டணத்துக்கென எடுத்து வைத்திருந்த பணம் ரூ. 2,400 விளம்பரத்துக்குப் போயிற்று. பத்து நாள் கழிந்தன. கைப்பேசியில் ஓர் அறிக்கை வந்தது. விளம்பரம் காட்டப்பட்டது 4,000 முறை, தொட்டவர்கள் 240, விகிதம் நூற்றுக்கு 6, செலவு ரூ. 2,400.

"ஆறு சதவீதம் அத்தை! நல்ல ரேட்!" என்று அண்ணன் மகிழ்ந்தார்.

"ஆறு சதவீதத்தை வச்சு ஃபீஸ் கட்ட முடியுமாலே?" என்று அம்மா கேட்டார்.

அந்தப் பத்து நாளில் விளம்பரத்தால் கிடைத்த ரவிக்கைகள் இரண்டே இரண்டு. அவற்றால் கையில் நின்றது ரூ. 1,600. விளம்பரச் செலவைக் கழித்தால் ரூ. 800 நட்டம். விகிதம் நன்றாக இருக்கிறது. வீட்டில் பணம் இல்லை. இது எப்படி? இக்கேள்வியைத் தோழி மறுநாள் கணித மன்றத்துக்கே கொண்டு வந்துவிட்டாள்.

தொகுதியும் பகுதியும்

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறாம் வகுப்பிலேயே நாம் கற்ற பின்னம்தான் இது. தொட்டவர்களின் எண்ணிக்கையை மேலே எழுத வேண்டும், அது தொகுதி. விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கையைக் கீழே எழுத வேண்டும், அது பகுதி. வகுத்து வருவதை நூறால் பெருக்கினால் சொடுக்கு விகிதம் கிடைக்கும். 240-ஐ 4,000-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 6. இவ்வளவே.

ஆயினும் பகுதியில் நிற்கும் எண்ணைப் பற்றி ஒரு செய்தி அறிய வேண்டும். விளம்பரம் ஒரு முறை திரையில் தோன்றினால் அது ஒரு காட்சி. பார்ப்பவர் அதை வாசித்தாரா, கண்ணை அதன்மேல் ஓட்டினாரா என்பதை அவ்வெண் அறியாது. கடைத்தெருவில் நடந்தவர் அனைவரையும் எண்ணுவது போன்றது அது.

இங்கே எங்கள் அறியாமையையும் சொல்லிவிடுகிறோம். விளம்பரம் வருகிறதா என்று பார்க்கும் ஆவலில், நாங்கள் நால்வரும் எங்கள் வீட்டுக் கைப்பேசிகளில் அச்சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தோம். தொட்டால் அம்மாவுக்குச் செலவாகுமே என்று தொடாமல் விட்டோம். நல்லது செய்வதாக எங்களுக்கு நினைப்பு! ஒவ்வொரு முறையும் பகுதி ஒன்று கூடியது, தொகுதி கூடவில்லை. அம்மாவின் விகிதத்தை நாங்களே சிறிது குறைத்துவிட்டோம். விளம்பரம் வருகிறதா என்று காண, விளம்பரதாரருக்கென்றே தனியாக ஒரு முன்னோட்ட வசதி உண்டு என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அன்று கூப்பன், இன்று சொடுக்கு

விளம்பரத்தின் பயனை எண்ணிப் பார்க்கும் ஆசை இணையத்துடன் பிறந்தது அன்று. அமெரிக்க விளம்பர வல்லுநர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் 'சயன்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற நூலை வெளியிட்டார். பத்திரிகை விளம்பரத்தின் ஓரத்தில் வெட்டி அனுப்பும் கூப்பன் ஒன்றை அச்சிட வேண்டும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வெவ்வேறு குறி இட வேண்டும். எந்தக் குறியுள்ள கூப்பன் மிகுதியாகத் திரும்பி வருகிறதோ அந்த விளம்பரமே சிறந்தது. இதுவே அவர் வலியுறுத்திய முறை. அக்காலத்தில் விடை வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று அதே விடை அன்றன்றே வந்துவிடுகிறது.

1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்டு' என்னும் இணைய இதழில் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் பட்டை விளம்பரம் தோன்றியது. இணையத்தின் தொடக்க காலப் பட்டை விளம்பரங்களுள் புகழ்பெற்றது அது. பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் அதைச் சொடுக்கினர் என்று கூறுவர். புதுமை தந்த வியப்பு அது. அவ்வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. எங்கும் விளம்பரம் நிறைந்தபின் மக்கள் அவற்றைக் கண்டும் காணாமல் செல்லப் பழகிவிட்டனர்.

தேடலோடு இணைந்த விளம்பரத்துக்கு வழி வகுத்தவர் பில் கிராஸ் என்னும் அமெரிக்கர். அவரது 'கோடு டாட் காம்' நிறுவனம் 1998-இல் ஒரு புதிய ஏலத்தைத் தொடங்கியது. 'ஒரு சொடுக்குக்கு இவ்வளவு தருவேன்' என்று வணிகர்கள் விலை கூற வேண்டும். அதிகம் கூறியவருக்கு முதலிடம். ஒருவரும் தொடாவிட்டால் காசு தர வேண்டியதில்லை. பின்னர் 'ஓவர்ட்யூர்' எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2003-இல் யாகூ விலைக்கு வாங்கியது.

கூகுள் நிறுவனம் 'ஆட்வேர்ட்ஸ்' என்ற தன் விளம்பரத் திட்டத்தை 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களுடன் தொடங்கியது. முதலில் ஆயிரம் காட்சிகளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியது. 2002-இல் அதுவும் சொடுக்குக்குக் கட்டணம் என்ற முறைக்கு வந்தது. ஆனால் அதில் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. கூறிய விலையை மட்டும் பார்க்காமல், அவ்விலையைச் சொடுக்கு விகிதத்தால் பெருக்கி, வரும் எண்ணின்படி இடம் அளித்தது. அந்தத் திட்டத்துக்கு 2018 முதல் 'கூகுள் ஆட்ஸ்' என்று பெயர். 2023-ஆம் ஆண்டில் அதன் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் வருவாயில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விளம்பரங்களால் வந்தது என்றால் இவ்வணிகத்தின் பெருக்கம் நமக்குப் புலப்படும்.

எளியவருக்கும் முதலிடம்

விகிதத்தால் பெருக்குவதனால் என்ன நன்மை? ஓர் எளிய கணக்கால் காண்போம்.

ஒருவர் 'ஆரி ரவிக்கை' என்று தேடுகிறார். இரு கடைகள் விளம்பரம் கொடுத்துள்ளன. முதற்கடை ஒரு பெரிய நகைக்கடை. ஒரு சொடுக்குக்கு ரூ. 10 தரத் தயாராக உள்ளது. ஆனால் ரவிக்கை தேடுபவருக்கு நகை எதற்கு? நூற்றுக்கு ஒருவரே தொடுகிறார். இரண்டாவது ஒரு சிறிய தையற்கடை. அதனால் ரூ. 4 மட்டுமே தர இயலும். ஆனால் நூற்றுக்கு நால்வர் தொடுகின்றனர்.

விலையை மட்டும் பார்த்தால் நகைக்கடைக்கே முதலிடம். விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். நகைக்கடை: 10 × 1 = 10. தையற்கடை: 4 × 4 = 16. தேடுபொறிக்கு நூறு காட்சிக்கு எது மிகுதியான வரவைத் தரும்? தையற்கடையே! ஆகவே அதற்கு முதலிடம். மேலும், தனக்குக் கீழே நிற்பவரை வெல்லத் தேவையான அளவு மட்டும் கொடுத்தால் போதும் என்பது இந்த ஏலத்தின் விதி. பத்து என்ற எண்ணை எட்டத் தையற்கடைக்கு வேண்டியது ரூ. 2.50 தான். அதற்குச் சற்றே கூடக் கொடுத்து முதலிடத்தில் நிற்கலாம்.

தேடுபவருக்குத் தேவையானது கிடைக்கிறது. சிறு வணிகருக்குக் குறைந்த செலவில் இடம் கிடைக்கிறது. தேடுபொறிக்கும் வருவாய் கூடுகிறது. இம்மூவரையும் ஒரு பின்னம் இணைத்து வைப்பது வியப்பன்றோ?

இன்று கணக்கு இவ்வளவு எளிதன்று. 2005-ஆம் ஆண்டு 'குவாலிட்டி ஸ்கோர்' என்னும் தர மதிப்பெண் வந்தது. இப்போது அது 1 முதல் 10 வரை கொடுக்கப்படுகிறது. எதிர்பார்க்கப்படும் சொடுக்கு விகிதம், தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், தொட்டபின் திறக்கும் பக்கத்தின் தரம் ஆகிய மூன்றையும் கொண்டு அம்மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. 'எதிர்பார்க்கப்படும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முதலிடத்தில் நிற்கும் விளம்பரத்தை இயல்பாகவே பலர் தொடுவர். நான்காமிடத்தில் நின்றால் அதே விளம்பரத்தைச் சிலரே தொடுவர். வாசலருகே உள்ள கடையையும் கோடியில் உள்ள கடையையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? ஆகவே இடத்தால் வரும் இலாபத்தைக் கழித்துவிட்டே அந்த எதிர்பார்ப்பை மதிப்பிடுகின்றனர். ஆனால் வணிகரின் அறிக்கையில் காணும் சாதாரண விகிதத்தில் அது கழிக்கப்படுவதில்லை. ஆதலால் உயரத்தில் நின்ற விளம்பரத்தின் விகிதத்தையும் தாழ நின்றதன் விகிதத்தையும் அப்படியே ஒப்பிடுதல் தவறாகும்.

விகிதம் சொல்லாத செய்தி

இனி அம்மாவின் ஆறு சதவீதத்துக்கு வருவோம். தேடுபொறிக்கு வேண்டியது சொடுக்கு. அம்மாவுக்கு வேண்டியதோ ரவிக்கை. இரண்டும் ஒன்றல்ல. விகிதம், எத்தனை பேர் வாசலை மிதித்தனர் என்பதைச் சொன்னது. எதற்காக மிதித்தனர் என்பதைச் சொல்லவில்லை.

வந்தவர்கள் என்ன சொல்லைத் தேடி வந்தனர் என்பதற்கு வேறோர் அறிக்கை உண்டு. அதைத் திறந்து பார்த்தோம். 'ஆரி ஒர்க் டிசைன்' என்று படம் பார்க்க வந்தவர்களே பெரும்பாலோர். 'ஆரி கிளாஸ்' என்று கற்க விரும்பியவர் பலர். 'ஆரி ஊசி விலை' கேட்டவர் சிலர். வந்தவர்களுள் சென்னையிலும் கோவையிலும் இருப்பவரே மிகுதி. அவர்கள் அளவு கொடுக்கப் பாளையங்கோட்டைக்கு வருவார்களா? ஒவ்வொருவரின் தொடுதலுக்கும் அம்மா பத்து ரூபாய் கொடுத்திருக்கிறார்!

குற்றம் வந்தவர்கள்மேல் இல்லை. விளம்பரத்தின் வாசகத்தை எடுத்துப் பார்த்தோம். "அழகிய ஆரி ரவிக்கைகள்! புதுப் புது டிசைன்கள்! மிகக் குறைந்த விலை!" என்று இருந்தது. டிசைன் என்று கூவினோம். டிசைன் பார்ப்பவர் வந்தனர். விலை இவ்வளவு என்று சொல்லவில்லை; முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என எண்ணியவர்களும் வந்து பார்த்துத் திரும்பினர்.

அம்மா எங்களைப் பார்த்து, "கடை வாசல்ல விலைப்பலகை தொங்கினா, வாங்க முடியாதவங்க உள்ளே வந்து சங்கடப்பட வேண்டாம்லா?" என்றார். எங்களுக்கு வழி பிறந்துவிட்டது. பழைய வாசகத்தை நீக்கி, "பாளையங்கோட்டையில் ஆரி ரவிக்கை. அளவெடுத்துத் தைத்துத் தரப்படும். ரூ. 1,800 முதல். பத்தே நாளில்" என்று எழுதினோம்.

ஆடிக் கடைசியில் பத்து நாள் இது ஓடியது. காட்டப்பட்டது மீண்டும் 4,000 முறை. தொட்டவர்கள் 120 பேர். விகிதம் ஆறிலிருந்து மூன்றாக விழுந்தது. அண்ணனின் முகம் வாடியது. விகிதம் குறைந்ததால், நாம் மேலே கண்ட கணக்கின்படியே, ஒரு சொடுக்கின் விலையும் ரூ. 10-லிருந்து ரூ. 12 ஆயிற்று. ஆயினும் மொத்தச் செலவு ரூ. 1,440 தான். வந்த ரவிக்கைகளோ நான்கு. அவற்றால் நின்றது ரூ. 3,200. செலவு போக ரூ. 1,760 மிச்சம். பாதியாகக் குறைந்த விகிதம் நட்டத்தை இலாபமாக்கியது!

அடுத்து, இரண்டு காரியங்களைச் செய்தோம். 'கிளாஸ்', 'ஊசி', 'டிசைன்', 'போட்டோ' ஆகிய சொற்களைத் தேடுபவருக்கு விளம்பரம் காட்ட வேண்டாம் என்று விலக்கினோம். இவற்றை விலக்குச் சொற்கள் எனலாம். பாளையங்கோட்டை, திருநெல்வேலி, சுற்றுவட்டாரம் தவிர்த்த ஊர்களையும் நீக்கினோம். ஆவணியில் பத்து நாள் ஓடியது. காட்டப்பட்டது 1,500 முறை மட்டுமே. தொட்டவர் 75 பேர். விகிதம் 5. ஒரு சொடுக்கு ரூ. 11. செலவு ரூ. 825. ரவிக்கைகள் ஐந்து. நின்றது ரூ. 4,000, செலவு போக ரூ. 3,175.

இப்போது தோழியர் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் விகிதம் 6, அது நட்டம். பின்னர் 3, அது இலாபம். பிறகு 5, அது மேலும் இலாபம். இரண்டாம் முறை விகிதம் குறைந்தது ஏன்? தேவையற்றவர் தொடுவதை நிறுத்தினர், தொகுதி குறைந்தது. மூன்றாம் முறை கூடியது ஏன்? தேவையற்றவர் கண்ணிலேயே விளம்பரம் படவில்லை, பகுதி குறைந்தது. இரண்டும் நன்மையே. ஆனால் ஒன்று விகிதத்தைத் தாழ்த்தியது, மற்றது உயர்த்தியது. விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு இது விளங்குமா? மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் தனித்தனியே பார்த்தவருக்கே விளங்கும்.

சிஸ்டரின் கேள்வி

வெற்றிக் களிப்புடன் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதினோம். கணித ஆசிரியை சிஸ்டர் பொறுமையாகப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார்.

"இரண்டு, நான்கு, ஐந்து. இவை சிறிய எண்கள் அல்லவா? நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழுவதில்லையா? அதை வைத்து நாணயமே கோணல் என்பீர்களா?"

நாங்கள் பேசாமல் நின்றோம்.

"முதற்கணக்கு ஆடியில், மூன்றாம் கணக்கு ஆவணியில். கல்யாண மாதம் பிறந்ததால் ரவிக்கை கூடியிருக்கலாமே? அதற்கு உங்கள் வாசகம் எப்படிக் காரணமாகும்?"

இது எங்களுக்குத் தோன்றவே இல்லை! உண்மைதான். மூன்றாம் முறை கிடைத்த ஐந்தில் எத்தனை எங்கள் திறமையால், எத்தனை ஆவணியால் என்று எங்களால் பிரித்துக் கூற முடியாது. ஆயினும் இரண்டாம் கணக்கும் ஆடியிலேயே வந்தது என்பதும், படம் பார்க்க வந்தவருக்காகக் கொடுத்த பணம் நின்றது என்பதும் உறுதி. அதுவரை உறுதியானதைச் சொல்லி, மற்றதை 'இருக்கலாம்' என்று சொல்லுவதே கணக்குப் படித்தவருக்கு அழகு என்று சிஸ்டர் கூறினார்.

சிஸ்டரின் கேள்வி பெரிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். 'ஈபே' என்பது அமெரிக்காவின் பெரிய இணையச் சந்தை. 'ஈபே' என்று தேடுபவருக்கும் அந்நிறுவனம் விளம்பரம் காட்டிவந்தது. அப்பெயரையே இட்டுத் தேடுபவர் அந்த விளம்பரத்தைத் தொடுவது இயல்புதானே? ஆனால் விளம்பரம் இல்லாவிட்டால் அவர் வராமல் போவாரா? 2012-இல் யாகூ, எம்.எஸ்.என். தேடுபொறிகளில் அவ்விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தனர். நின்றுபோன சொடுக்குகளில் நூற்றுக்கு 99.5 பங்கு, அதே பக்கத்தில் இருந்த கட்டணமற்ற சாதாரண விடையின் வழியே வந்து சேர்ந்தது! தாமாக வருபவரை அழைத்து வந்ததற்காக அதுவரை பணம் கொடுத்துவந்தனர். தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் ஆகிய பொருளியலறிஞர்கள் இவ்வாய்வை 2015-இல் 'எகனாமெட்ரிகா' இதழில் வெளியிட்டனர். அடிக்கடி வாங்குபவரிடம் விளம்பரம் பயன் தரவில்லை. புதியவரிடமும் எப்போதாவது வருபவரிடமும் பயன் தந்தது என்பது அவர்கள் கண்ட மற்றோர் உண்மை. பெயர் தெரியாத சிறு கடைகளுக்கு இது ஆறுதலான செய்தி.

இதைப் படித்தபின் அம்மாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்தோம். வருபவர் ஒவ்வொருவரிடமும் "எங்க கடை எப்படித் தெரியும்?" என்று கேட்டு அவர் குறித்து வருகிறார். பக்கத்து வீட்டார் சொல்லி வந்தவர், கல்யாண வீட்டில் ரவிக்கையைப் பார்த்து வந்தவர், கைப்பேசியில் கண்டு வந்தவர் என்று மூன்று பத்திகள். எந்த அறிக்கையும் தராத செய்தியை அந்த நோட்டு தருகிறது.

நாம் செய்ய வேண்டுவன

தோழியரே! நம்மில் பலர் நாளை வணிகம் செய்யலாம். செய்யாவிட்டாலும் தேடுபவர்களாக நாம் நாள்தோறும் இக்கணக்கில் ஓர் எண்ணாக நிற்கிறோம். ஆகவே சிலவற்றை நினைவில் கொள்வோம்.

முதலாவதாக, ஒரு விளம்பரத்தைத் தொடுமுன் அது விளம்பரம் என்பதை அறிந்து தொடுவோம். முதலிடத்தில் நிற்பது, கொடுத்த விலையாலும் மதிப்பெண்ணாலும் நிற்கிறது. அது நேர்மைக்குக் கிடைத்த நற்சான்று அன்று. வங்கியின் தொலைபேசி எண் வேண்டுமானால் தேடல் பக்கத்தை நம்பாமல் பாஸ்புக்கைப் பார்ப்பதே நலம்.

இரண்டாவதாக, வேடிக்கைக்காகத் தொடுவதைத் தவிர்ப்போம். நம் ஒரு தொடுதலுக்குப் பின்னால், முன்னறையில் ஊசியோடு அமர்ந்திருக்கும் ஒரு தாயின் பத்து ரூபாய் இருக்கலாம்.

மூன்றாவதாக, எவரேனும் ஒரு சதவீதத்தைக் கூறி நம்மை மகிழ்விக்க வந்தால், "எதில் எத்தனை?" என்று கேட்போம். பின்னர், "அதனால் கையில் வந்தது என்ன?" என்றும் கேட்போம். நம் தேர்ச்சி விகிதமாயினும் சரி, கடையின் தள்ளுபடி விகிதமாயினும் சரி, இவ்விரு கேள்விகளும் பொருந்தும்.

நட்டத்துக்கும் இலாபத்துக்கும் இடையே அலைந்த அந்த மூன்று மாதக் கணக்கின் முடிவைச் சொல்லாமல் விட்டால் தோழியர் எங்களை விடமாட்டார்கள். இரண்டாம் பருவக் கட்டணம் கடைசி நாளுக்கு முதல் நாள் கட்டப்பட்டது. இரசீதைப் பார்த்து அண்ணன், "இப்போ ரேட் எவ்வளவு அத்தை?" என்று கேட்டாராம். "அதெல்லாம் பிள்ளைகள்ட்ட கேளு. எனக்குத் தைக்க நாலு ரவிக்கை கிடக்கு" என்று கூறி அம்மா சட்டத்தின் முன் அமர்ந்துவிட்டாராம்.